தேர்வு முடிவு வரும் முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும், அப்பா அம்மா திருப்பூருக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போயிருக்க, பேரப்பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் தாத்தா ஆயாக்களுக்கும் வணக்கம்.

மே மாதம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வரும். வழக்கமாக இந்தச் சமயத்தில் சாதிச் சான்று, கல்லூரி விண்ணப்பம் பற்றித்தான் எழுதுவேன். இந்த முறை பிள்ளைகளின் உயிரைப் பற்றி எழுதுகிறேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு உங்கள் பிள்ளையே வாசித்துக் காட்டட்டும். அவர்கள் காதில் விழக்கூடாதது இதில் எதுவும் இல்லை.

பல வருடங்களுக்கு முன்பு வேறொரு ஊரில் ஆசிரியராக இருந்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், பரீட்சை முடிந்த கையோடு, அரசு கொடுத்த சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பக்கத்து வீட்டுச் சிறுவனிடம் கொடுத்துவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "எனக்கு இனிமே வேணாம் சார்" என்றான். "நல்ல மனசுடா உனக்கு" என்று தோளில் தட்டிவிட்டு வந்துவிட்டேன். முடிவு வந்த வாரத்தில் அவனைத் தற்கொலையில் இழந்தோம். மார்க் பயம் என்று ஊர் சொன்னது. உண்மையில் அவன் மனதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அவனிடம் யாருமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், கேளுங்கள். பிடித்த பொருளைத் தூக்கிக் கொடுக்கிற பிள்ளை, தூக்கமும் சாப்பாடும் மாறிப்போன பிள்ளை, "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்று விளையாட்டுப் போலச் சொல்கிற பிள்ளை, நெடுநாள் சோர்ந்து கிடந்து திடீரென்று அமைதியாகிவிட்ட பிள்ளை, இவர்களில் யாராக இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துடலாம்னு தோணுதா சாமி?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடுமே என்ற பயம் நம் எல்லோருக்கும் உண்டு. அப்படி முளைப்பதில்லை. இத்தனை நாள் தனியாகச் சுமந்ததை இறக்கிவைக்க ஓர் ஆள் கிடைத்தது என்றுதான் பிள்ளைக்குத் தோன்றும்.

"ஆமா" என்று சொன்னால் அடிக்காதீர்கள், அழுது புலம்பாதீர்கள். தலையில் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள். சத்தியம் செய்த பிள்ளை அடுத்த முறை உங்களிடம் வாயே திறக்காது. தனியாக விடாமல் கூடவே இருங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அரசு சுகாதார உதவி எண்ணான 104-க்கும் பேசலாம். ஆபத்து கண்முன் தெரிந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். மந்திரிப்பதும் குறி கேட்பதும் உங்கள் நம்பிக்கை, நான் குறுக்கே வரவில்லை. மருத்துவரைப் பார்த்துவிட்டு அங்கே போங்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை என்றும் சொல்கிறது. மறைத்து வைப்பதில்தான் ஆபத்து.

அடுத்தது, வயல் வைத்திருக்கும் வீடுகள் எல்லாவற்றுக்கும். பூச்சிமருந்தைத் திண்ணையிலும் கட்டிலுக்கு அடியிலும் வைக்காதீர்கள். பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பெரியவர் ஒருவர் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். சாக வேண்டும் என்ற வேகம் பலருக்கும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடுகிறது. அந்த நேரத்தைக் கடத்திவிட ஒரு பூட்டு உதவும். நம் காட்டுமன்னார்கோயில் பகுதியிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு, வங்கி லாக்கர் மாதிரி பெட்டிகள் கொண்ட பொது அறைகளை இங்குள்ள ஊர்களில் கட்டிக் கொடுத்தது. மருந்தை அங்கே வைத்துப் பூட்டிவிட்டு, தெளிக்கிற அன்றைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள் விவசாயிகள். அந்த ஊர்களில் தற்கொலை குறைந்தது. 2013-ல் அந்த ஆய்வு மருத்துவ இதழில் வெளியானது. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 1995-க்குப் பிறகு இருபது ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. நம் ஊரால் முடியாத காரியம் இல்லை இது. பொது அறைக்கு இடம் கேட்டு ஊராட்சிக்கு நம் பள்ளி மேலாண்மைக் குழு மனு கொடுத்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கையில் மருந்து கொடுப்பதில்லை என்று உரக்கடைக்காரர் தானாகவே சொல்லியிருக்கிறார். கிராம சுகாதார செவிலியரும், மகளிர் குழுவில் நான்கு பேரும், ஆட்டோ ஓட்டும் நம் பழைய மாணவர்கள் இருவரும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, இந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது என்று பழகியிருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி.

2022-ல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டுகிறது. எல்லோருமே தேர்வுக்காக இறந்தவர்கள் அல்ல. வீட்டுச் சண்டை, அப்பாவின் குடி, காதல், யாரிடமும் சொல்ல முடியாத தொல்லை என்று பல இருக்கும். ஆகவே நல்ல மார்க் வாங்கிய பிள்ளையையும் கவனியுங்கள்.

முதலிடம் யார் என்று அறிவிப்பதை 2017-லேயே அரசு நிறுத்திவிட்டது. நம் பள்ளி வாசலிலும் இந்த ஆண்டு ஃபிளெக்ஸ் கிடையாது. உறவினர் போனில் "எவ்வளவு மார்க்?" என்று கேட்டால், "பிள்ளை நல்லாருக்கான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். ஒன்றிரண்டு பாடம் போயிருந்தால் துணைத்தேர்வு எழுதித் தேறி இந்த ஆண்டே கல்லூரியில் சேரலாம். அந்த விண்ணப்ப வேலை முழுவதையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

முடிவு வரும் நாளில் காலை 8 முதல் இரவு 8 வரை பள்ளி திறந்திருக்கும். தேறாத பிள்ளைகளின் வீட்டுக்கு அன்றே வகுப்பாசிரியர் நேரில் வருவார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள் போதும்.

கடைசியாக, இத்துடன் ஒரு துண்டுச்சீட்டு இணைத்திருக்கிறேன். அதை உங்கள் பிள்ளைதான் நிரப்ப வேண்டும். "மனசு கஷ்டமாக இருந்தால் நான் யாரிடம் பேசுவேன்?" என்ற ஒரே கேள்விதான். அத்தை, மாமா, விளையாட்டு ஆசிரியர், டீக்கடை அண்ணன் என்று யார் பெயரும் இருக்கலாம். உங்கள் பெயர் இல்லையென்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுதியிருக்கும் ஆளிடம் போய், "எங்க பிள்ளை உங்களைத்தான் சொல்லியிருக்கு, கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். சீட்டு வெள்ளிக்கிழமைக்குள் என் கைக்கு வரட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
அரசு மேல்நிலைப் பள்ளி