சுற்றோட்டம் பாடத்துக்கு ஒரு ஆட்டு இதயம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் வேலூர்ல கறிக்கடை வச்சிருக்கேன், படிப்பு ஒன்பதாவதோட நின்னுபோச்சு, எழுத்துல தப்பு இருந்தா திருத்தி போட்டுக்கங்க சார். பொண்ணு பத்தாவது படிக்கிறா. போன மாசம் பரீட்சைல "தமனியில் எப்போதும் ஆக்சிஜன் மிகுந்த ரத்தமே செல்லும், சரியா தவறா"ன்னு ஒரு கேள்வி, இவ தவறுன்னு போட்டு நுரையீரல் தமனின்னு காரணமும் எழுதியிருக்கா, அதுக்கு பெருக்கல் குறி போட்டு குடுத்துட்டாங்க. ஒரு மார்க்குக்காக லெட்டர் எழுதல. ஆனா அவ சொன்னதுதான சரி? இதயத்துல இருந்து வெளிய போற குழாய் தமனி, உள்ள வர்றது சிரை, அவ்ளோதான், உள்ள ஓடுற ரத்தத்த வச்சு பேரு வைக்கல. வலது பக்கத்துல இருந்து நுரையீரலுக்கு போற தமனில ஆக்சிஜன் கம்மியான ரத்தம்தான் போவுது.

புஸ்தகத்துல நீல கலர் அடிச்சிருக்கறதால பசங்க பாதி பேர் சிரைல ஓடுறது நீல ரத்தம்னே நெனச்சிகினு இருக்காங்க. தினம் பாக்குறவன் சொல்றேன், தமனி ரத்தம் பளிச்சுன்னு சிவப்பு, சிரை ரத்தம் கருஞ்சிவப்பு, நீலம்லாம் கிடையாது. தோலுக்கு மேல பச்சையா நீலமா தெரியறது வெளிச்சம் பண்ற வேல.

அதான் கேக்குறேன், ஒரே ஒரு பீரியட் ஒரு ஆட்டு இதயத்த டேபிள் மேல வச்சு காட்டக்கூடாதா? ஆட்டுக்கும் நமக்கும் அதே நாலு அறைதான். விரலால அமுக்குனாலே வலது கீழ் அறை தொளதொளன்னு இருக்கும், இடது பக்கம் கெட்டியா, சுவரு ரெண்டு மூணு மடங்கு தடியா இருக்கும், ஏன்னா வலதுக்கு பக்கத்துல இருக்குற நுரையீரலுக்கு தள்ளுனா போதும், இடதுக்கு உடம்பு பூரா தள்ளணும். (படத்துல இடது வலது மாறி இருக்கேன்னு பசங்க குழம்புவாங்க, எதிர்ல நிக்கிற ஆளோட இடதுன்னு ஒரு வார்த்த சொன்னா தீந்துச்சு.) உள்ள பொளந்தா வால்வு ஓரத்துல வெள்ளையா மாஞ்சா நூல் மாதிரி நாரு கட்டியிருக்கும், இழுத்து பாத்தா அறுந்து வராது, ரத்தம் தள்ளும்போது வால்வு மேல பக்கம் பொரளாம புடிச்சிக்கிறது அதுதான். பெருந்தமனிய நீளமா விட்டு வெட்டி அதுல தண்ணி ஊத்துங்க, மூணு சின்ன பை மாதிரி உப்பிகினு வழிய அடைச்சிக்கும். இத பாத்த பிள்ளைக்கு படம் மனப்பாடம் பண்ண வேணாம்.

எங்க தாத்தா ஈரல்லதான் ரத்தம் ஊறுதும்பாரு, சிரிக்காதீங்க, கேலன்னு ஒரு பெரிய வைத்தியரும் அதத்தான் சொன்னாரு, 1400 வருஷத்துக்கு மேல உலகமே நம்புச்சாம். 1628ல வில்லியம் ஹார்வின்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் கணக்கு போட்டு கேட்டாரு, இதயம் அரை மணில தள்ளுற ரத்தமே உடம்புல இருக்குறத விட ஜாஸ்தி, அப்ப அதே ரத்தம்தான சுத்தி வரணும்னு. ஒரு துடிப்புக்கு 70 மில்லி, நிமிஷத்துக்கு 72 துடிப்புன்னா 5 லிட்டர், நம்ம உடம்புல மொத்தமே அவ்ளோதான் இருக்கு. முழங்கைக்கு மேல துணி கட்டி, பொடைச்ச சிரைய ஒரு விரலால அமுக்கிகினு இன்னொரு விரலால ரத்தத்த மேல தள்ளிவிட்டா அந்த எடம் காலியாவே கெடக்கும், அமுக்குன விரல எடுத்தாதான் கீழ இருந்து ரொம்பும், சிரைக்குள்ள இருக்குற வால்வு பின்னால விடாது. ஹார்வி காட்டுனது இதேதான், கத்தி புடிச்சு புடிச்சு பொடைச்ச என் கையில பொண்ணு செஞ்சு பாத்தா, சரியா வந்துச்சு.

கரப்பான நசுக்குனா ஏன்ப்பா சிவப்பா வரலன்னு கேட்டா, அதுக்கு ஆக்சிஜன் ரத்தத்துல போறதில்ல, உடம்பு ஓரத்து ஓட்டை வழியா நேரா குழாய்லயே போவுது, அதனால ரத்தத்துக்கு சிவப்பு குடுக்குற ஹீமோகுளோபின் இல்லன்னு அவளே புஸ்தகத்த பாத்து சொன்னா. மீனுக்கு ரெண்டே அறை, ஜிலேபி மீன் ஆயும்போது செவுளுக்கு பின்னாடி குட்டியா இருக்கும், வீட்டுல காட்டலாம்.

எங்க ஏரியா ஸ்கூல் எது கேட்டாலும் காசு வாங்காம முழு இதயம் தரேன், குழாய வெட்டாம. திங்கக்கிழம வேணும்னா மட்டும் சனிக்கிழமையே சொல்லிடணும், ஞாயித்துக்கிழம கடைல ஒண்ணும் மிஞ்சாது.

இப்படிக்கு,
ஒரு கறிக்கடைக்காரர்,
வேலூர்.