லேசரும் இல்காவும் ஒரே படகுதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெகிரி செம்பிலான் மாநிலப் போர்ட்டிக்சனில் நடந்த பாய்மரப் படகுப் போட்டியைப் பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் அரைப்பக்கச் செய்தி வந்திருந்தது. ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லுக்குட் என்று கடலுக்கு அரை மணி நேரத் தூரத்தில் இருந்தும் படகுப் பக்கமே போகாத தோட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்கள் வீட்டுக்கு இந்த விளையாட்டு ஒரு தமிழ் நாளிதழ் வழியாகப் போய்ச் சேர்ந்ததற்கு முதலில் நன்றி.

ஆனால் அந்தச் செய்தியில் மூன்று தகவல்கள் தவறு. லேசர் படகு வழக்கொழிந்து, அதன் இடத்தில் இல்கா என்ற புதுப் படகு வந்துவிட்டதாகச் சொல்லியிருந்தது. 470 என்பது படகின் வரிசை எண் என்றும், ஆப்டிமிஸ்ட் என்பது அதைத் தயாரிக்கும் நிறுவனத்தின் பெயர் என்றும் இருந்தது. இவற்றைத் திருத்தியே ஆக வேண்டும். இந்தச் சிறு படகுகளின் பெயர்கள் வாய்க்கு வந்தபடி சூட்டியவை அல்ல. யாருக்காகக் கட்டினார்கள், யார் பணம் போட்டார்கள், நீளம் எவ்வளவு, பாய் எவ்வளவு என்பதில் ஏதாவது ஒன்றைப் பெரும்பாலான பெயர்கள் சொல்லிவிடும். பிள்ளைக்குப் பழைய படகு ஒன்று வாங்கித் தரலாம் என்று நினைக்கும் பெற்றோருக்கு இது பல நூறு ரிங்கிட் விவகாரம்.

முதலில் லேசர். இதை வரைந்தவர் கனடாவைச் சேர்ந்த புரூஸ் கெர்பி. 1969-இல் மான்ட்ரியாலில் இருந்த வடிவமைப்பாளர் இயன் புரூஸ் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஒரு கடை கேட்கிறது, கார் கூரைமேல் கட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒரு படகு வேண்டும் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே கெர்பி தாளில் கிறுக்கிய படம்தான் பின்னாளில் லேசர் ஆனது. படகைக் கேட்ட கடை பின்வாங்கிவிட்டதால் வரைபடம் கிடப்பில் கிடந்தது. 1970 அக்டோபரில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஆயிரம் டாலருக்குள் அடங்கும் படகுகளுக்கென்றே ஒரு போட்டி வைத்தார்கள். வரைபடத்தைத் தூசி தட்டி எடுத்து முதல் படகைக் கட்டியது அதற்காகத்தான். அப்போது அதன் பெயர் 'வீக்கெண்டர்'. பாயில் டி.ஜி.ஐ.எஃப். என்று நான்கு எழுத்து, அதாவது 'அப்பாடா, வெள்ளிக்கிழமை வந்தாச்சு'. அந்த டிசம்பரில் மெக்கில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், இளைஞர்களுக்கான படகுக்குப் புதிய விஞ்ஞானப் பெயர்தான் பொருந்தும் என்று 'லேசர்' என்ற பெயரைச் சொன்னார். அப்படியே நிலைத்துவிட்டது. பாயில் இருந்த லேசர் கதிர்ச் சின்னமும் அந்தப் பெயரோடு சேர்ந்து வந்ததுதான்.

2019-இல் தயாரிப்பு உரிமத்திலும் வணிகப் பெயரிலும் தகராறு வந்தது. படகோட்டிகளின் சங்கம் லேசர் என்ற சொல்லை விட்டுவிட்டுத் தன் பெயரின் முதலெழுத்துகளையே படகுக்கு வைத்தது. அதுதான் இல்கா (ஐ.எல்.சி.ஏ.). அதில் வரும் 'எல்', லேசரின் 'எல்'. படகின் வடிவம் மாறவில்லை. 4.2 மீட்டர் நீளமும் 59 கிலோ உடலும் அப்படியே இருக்கின்றன. நம் மலேசியப் படகோட்டி கைருல்நிசாம் அஃபெண்டி 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் அடுத்து தோக்கியோவிலும் லேசரில் போட்டியிட்டார், 2024 பாரிசில் இல்கா 7-இல் போட்டியிட்டார். நம் வீராங்கனை நூர் ஷஸ்ரின் தோக்கியோவில் ஓட்டிய லேசர் ரேடியல்தான் பாரிசில் இல்கா 6. ஒலிம்பிக் பட்டியலில் பெயர் மாறியதைப் பார்த்து, இவர்கள் வேறு படகுக்குத் தாவிவிட்டதாக வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது.

இல்காவின் பின்னால் வரும் எண் பாயின் பரப்பு. 7 என்றால் 7.06 சதுர மீட்டர், 6 என்றால் 5.76, 4 என்றால் 4.7. படகின் உடல் மூன்றுக்கும் ஒன்றே. பாய்மரம் இரண்டு துண்டாக இருக்கும். மேல்துண்டு பொது, கீழ்த்துண்டும் பாயும்தான் மாறும். ஏறத்தாழ 50 முதல் 65 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 4, அறுபதைத் தாண்டி எழுபது வரை 6, எண்பதை ஒட்டியவர்களுக்கு 7. ஆகவே பிள்ளை வளர வளரப் படகை விற்க வேண்டியதில்லை. கீழ்த்துண்டும் பாயும் வாங்கினால் போதும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 4-இன் கீழ்த்துண்டு நேராக இருக்காது, பின்பக்கமாகச் சற்று வளைத்தே செய்திருப்பார்கள். பழைய சாமான் விற்பவர் அதைக் காட்டி "வளைஞ்சு போச்சு, இந்த நேரானதை எடுத்துக்குங்க" என்று சொன்னால் வாங்கி வராதீர்கள். பாய் சிறியதானால் காற்றின் இழுப்பு முன்னால் போய்விடும். அதைப் பின்னுக்குக் கொண்டுவரத்தான் அந்த வளைவு. நேரான மரத்தில் 4-இன் பாயைப் போட்டால் சுக்கான் கைக்குப் பிடி கொடுக்காது, கையை விட்டால் படகு காற்றுப் பக்கம் திரும்பி நிற்பதற்குப் பதில் காற்றோடு விலகி ஓடும். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு அது ஆபத்து. 'லேசர்' என்று எழுதிய பழைய படகு விதிப்படி கட்டியதாக இருந்தால் இல்கா போட்டியில் தாராளமாக ஓடலாம். ஆனால் சங்கத்தின் அங்கீகாரம் இல்லாத மலிவுப் பாய்கள் பயிற்சிக்கு மட்டும்தான் உதவும், போட்டிக்கு எடுத்துப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அடுத்து ஆப்டிமிஸ்ட். இது நிறுவனத்தின் பெயர் அல்ல, ஒரு தொண்டுச் சங்கத்தின் பெயர். 1947-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் கிளியர்வாட்டர் ஊரில், பிள்ளைகள் சரிவில் பெட்டிவண்டி உருட்டிப் பந்தயம் விடுவார்கள். அந்த ஊர் ஆப்டிமிஸ்ட் சங்கத்திடம் கிளிஃபர்ட் மெக்கே என்பவர், வண்டிக்குப் பதில் வருடம் முழுவதும் ஓடுகிற பாய்மரப் படகாக இருக்கட்டும் என்றார். செலவு ஐம்பது டாலருக்குள் இருக்க வேண்டும். ஊர்ப் படகுக்காரர் கிளார்க் மில்ஸ், எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் இரண்டே இரண்டில் முடிகிற மாதிரி வரைந்தார். பார்ப்பவர்கள் "ஏன் இதன் மூக்கு வெட்டினாற்போல் இருக்கிறது?" என்று கேட்பதுண்டு. எட்டடிப் பலகைக்குள் கூர்மூக்கு வைத்தால் பிள்ளை உட்காரும் இடம் குறைந்துவிடும். அதனால் மூக்கை மழுக்கி, 2.36 மீட்டருக்குள் முழு அகலத்தையும் கொடுத்தார். 1954-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஆக்செல் டாம்கார்ட் இதை ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார். பாயில் இருக்கும் 'ஐ', 'ஓ' எழுத்துகள் இன்டர்நேஷனல் ஆப்டிமிஸ்ட்டைக் குறிப்பவை. பிள்ளைக்கு 15 வயதாகும் ஆண்டு வரை இதில் போட்டியிடலாம். அதனால் 13 வயதுப் பிள்ளைக்குப் புது ஆப்டிமிஸ்ட் வாங்குவதை விட, ஓடிய படகு ஒன்றை எடுத்து மிச்சப் பணத்தை நல்ல பாயில் போடுவதே கெட்டிக்காரத்தனம்.

எண் பெயர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 420 என்றால் 4.20 மீட்டர், 470 என்றால் 4.70, 505 என்றால் 5.05. நீளத்தைச் சென்டிமீட்டரில் சொன்ன பெயர்கள் இவை. 420-ஐ 1959-இல் கிறிஸ்டியான் மோரியும் 470-ஐ 1963-இல் ஆந்திரே கோர்னுவும் வரைந்தார்கள், இருவரும் பிரெஞ்சுக்காரர்கள். 1976 முதல் 470 ஒலிம்பிக்கில் இருக்கிறது. லோரியில் இடம் பார்க்கும்போது இந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், பாய்மரம் படகை விட நீளம். 'ஃபார்ட்டி நைனர்' என்பதும் 4.99 மீட்டரிலிருந்து வந்ததுதான். ஆனால் அதன் தம்பி 'ட்வென்ட்டி நைனர்' ஏறக்குறைய நாலரை மீட்டர், அண்ணன் பெயரை ஒட்டி வைத்தது. ஜிபி 14 என்றால் 'ஜெனரல் பர்பஸ்', பதினான்கு அடி. ஃபின் படகு, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்காக சுவீடனின் ரிக்கார்ட் சார்பி 1949-இல் வரைந்தது. விருந்தளித்த ஃபின்லாந்தின் பெயரே படகுக்கு. 1946-இல் உஃபா ஃபாக்ஸ் வரைந்த ஃபயர்ஃபிளை, விமானம் கட்டிய ஃபேரி நிறுவனத்தில் உருவானது. அந்த நிறுவனத்தின் போர் விமானம் ஒன்றுக்கும் அதே பெயர்.

ஆசிரியர் அவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு கூட்டம் உண்டு. அவை பத்திரிகைகள் பெற்றெடுத்த படகுகள். 1931-இல் அமெரிக்காவின் 'ரடர்' இதழ் தன் படகுகளுக்குப் பறவைப் பெயர் வைக்கும் வழக்கப்படி ஸ்னைப் வரைபடத்தை வெளியிட்டது. 1947-இல் பிரிட்டனின் 'யாட்டிங் வேர்ல்ட்' இதழ் சிறுவர்களுக்காக கேடட் படகைக் கொண்டுவந்தது. 1956-இல் 'நியூஸ் கிரானிக்கிள்' நாளிதழ் எண்டர்பிரைஸ் என்ற படகுக்குப் பின்னால் நின்றது. 1960-இல் அந்த நாளிதழ் மறைந்துவிட்டது, நீலப் பாயோடு எண்டர்பிரைஸ் மட்டும் இன்றும் ஓடுகிறது. இந்த வரிசையில் எனக்குப் பெரிதாகப் படுவது மிரர். 'டெய்லி மிரர்' நாளிதழின் ஆதரவில் 1962-இல் ஜாக் ஹோல்ட்டும், தொலைக்காட்சியில் வீட்டுத் தச்சுவேலை சொல்லிக் கொடுத்த பேரி பக்னெலும் சேர்ந்து உருவாக்கியது. சம்பளக்காரர் வாங்குகிற பத்திரிகை, சம்பளக்காரர் வீட்டிலேயே கட்டிக்கொள்கிற படகு. பாகங்கள் அடங்கிய பெட்டியின் அன்றைய விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். இதுவரை 70,000-க்கு மேல் கட்டியிருக்கிறார்கள்.

அது கட்டும் விதம் எளிமையானது. வெட்டிய பிளைவுட் பலகைகளின் ஓரத்தில் சிறு துளைகள் போட்டு, செம்புக் கம்பியால் தைத்து முறுக்குவார்கள். தட்டையான பலகைகள் தாமாகவே வளைந்து படகு உருவம் எடுத்துக்கொள்ளும். உள்பக்க மூட்டுகளில் கண்ணாடி இழை நாடாவை ஒட்டி ரெசின் பூசி இறுக விடுவார்கள். பிறகு வெளியே நீட்டியிருக்கும் கம்பியைக் கத்தரித்து, ராவி, வெளிப்பக்கமும் நாடா ஒட்டுவார்கள். நம் வெயிலில் கவனமாக இருக்க வேண்டியது ரெசினில்தான். இறுகுவதற்குக் கலக்கும் திரவம் கொஞ்சம் கூடினாலும், நாடாவைத் தடவி முடிப்பதற்குள் கிண்ணத்திலேயே கெட்டியாகிவிடும். குறைவாகக் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும். மழை ஈரம் ஏறிய பலகையில் ஒட்டினால் நாடா பிறகு தோல்போல் உரிந்து வரும். பழைய மிரர் வாங்குபவர்கள் அடிப்பக்க மூட்டுகளை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்கும் இடத்தில் நாடாவுக்கு அடியில் தண்ணீர் இறங்கிப் பலகை மக்கியிருக்கும். மேலே பெயின்ட் அடித்து அதை மறைக்க முடியும், சரிசெய்ய முடியாது. மிரரின் பாய்மரமும் கழிகளும் படகின் 3.3 மீட்டருக்குள் அடங்கிவிடும் என்பது பின்வாசல் கொட்டகையில் படகு வைக்கப் போகிறவர்களுக்குப் பெரிய வசதி.

அடுத்த முறை போட்டி முடிவுகளை வெளியிடும்போது ஒவ்வொரு படகுப் பிரிவின் பெயருக்கும் கீழே ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். ஆப்டிமிஸ்ட் என்றால் 'ஒருவர், 15 வயது வரை'. இல்கா 4 என்றால் 'ஒருவர், 4.7 சதுர மீட்டர் பாய், முன்பு லேசர் 4.7'. 420 என்றால் 'இருவர், 4.20 மீட்டர்'. தன் பிள்ளை எந்தப் பிரிவில் சேரலாம் என்று தோட்டத்தில் இருக்கும் அப்பாவோ அம்மாவோ அந்த வரியைப் பார்த்தே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
பாய்மரப் பயிற்றுநர்,
ரந்தாவ், நெகிரி செம்பிலான்.