சாவி யாரிடம் இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும், மாணவர் நல ஆலோசகர்களுக்கும், உடன் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

15 வயதாகும் என் மகள் கடந்த இரண்டு ஆண்டுகளாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத்தால் குண்டைச் செலுத்தும் துப்பாக்கி) பிரிவில் துப்பாக்கி சுடும் பயிற்சி பெற்று வருகிறாள். அண்மையில் வகுப்பில் தனக்குப் பிடித்த பொழுதுபோக்கைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது, அவள் இதைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதினாள். கால்களை எவ்வளவு அகலத்தில் ஊன்ற வேண்டும், மூச்சை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், மனம் அலைபாயும் நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதே அந்தக் கட்டுரையின் பொருள். மூன்றாம் நாள் என்னைப் பள்ளிக்கு வரச் சொன்னார்கள்.

அன்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். வீட்டில் சண்டை சச்சரவு உண்டா, அவளுக்கு யார் மீதாவது கோபம் இருக்கிறதா, இரவில் சரியாகத் தூங்குகிறாளா, எப்படிப்பட்ட படங்களைப் பார்க்கிறாள், அவளுடைய அப்பா முன்கோபக்காரரா என்றெல்லாம் கேட்டார்கள். கேட்டவர்களின் குரலில் கடுமை இல்லை. ஒரு பிள்ளையைப் பற்றிய கவலைதான் இருந்தது. அதற்காக நான் இன்றும் நன்றியுடையவள். ஆனால் வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது: அத்தனை கேள்விகளுக்கு நடுவே, அந்தத் துப்பாக்கி எங்கே இருக்கிறது, பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கேட்கப்படாத அந்தக் கேள்விக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி ஓர் இரும்பு அலமாரிக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. குண்டுகள் வேறோர் அறையில் வேறொரு பூட்டுக்குள் இருக்கின்றன. இரண்டு சாவிகளும் என்னிடம் மட்டுமே உள்ளன. அவற்றை எங்கே வைக்கிறேன் என்பது என் மகளுக்குத் தெரியாது. பயிற்சிக்குக் கிளம்பும்போது நான் எடுத்துக் கொடுப்பேன், திரும்பி வந்ததும் நானே உள்ளே வைத்துப் பூட்டுவேன். நான் உடன் இல்லாமல் அவள் அதைத் தொட்டதே இல்லை.

உங்கள் மனத்தில் இருக்கும் அச்சத்தை நான் வெளியில் நின்று குறை சொல்லவில்லை. அதே அச்சம் என்னிடமும் இருந்தது. 13 வயதில் ஒரு போட்டியை நேரில் பார்த்துவிட்டு வந்து, தானும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவள் கேட்டபோது பல மாதங்கள் முடியாது என்றே சொன்னேன். துப்பாக்கி என்றதும் என் கண்முன் வந்து நின்றது, எதற்கெடுத்தாலும் உறுமுகிற, பிறரை அடக்கி ஆள்வதில் சுகம் காண்கிற ஒரு முரட்டு ஆளின் உருவம்தான். என் பெண் அப்படி ஆகிவிடுவாளோ, அல்லது அப்படிப்பட்டவர்கள் நடுவே போய் நிற்பாளோ என்று பயந்தேன். அவளுடைய எண்ணத்தை மாற்றிவிடலாம் என்ற நோக்கத்தோடுதான் முதல்முறை அவளை ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்துக்கு, அழைத்துப் போனேன்.

அந்த ரேஞ்சில் நூலகத்தில் இருப்பதைப் போன்ற அமைதி இருந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு முதியவர், கல்லூரி மாணவிகள் இருவர், என் மகளைவிடச் சிறிய ஒரு பையன் ஆகியோர் ஒருவர் பக்கத்தில் ஒருவராக நின்றிருந்தார்கள். சுடாமல் வைத்திருந்த ஒவ்வொரு துப்பாக்கியின் குழலிலும் பளிச்சென்ற நிறத்தில் ஓர் இழை செருகப்பட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே குண்டு இல்லை என்பதைத் தூரத்தில் இருப்பவரும் ஒரே பார்வையில் தெரிந்துகொள்வதற்காக அது என்று பயிற்றுநர் விளக்கினார். குழலின் வாய் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். குறி பார்க்கும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். குண்டு போடுவதற்கும், சுடத் தொடங்குவதற்கும், நிறுத்துவதற்கும் தனித்தனியே கட்டளை வரும். ‘ஸ்டாப்’ என்ற சொல் காதில் விழுந்தால் விரல் அந்தக் கணமே விசையைவிட்டு விலக வேண்டும். இவற்றில் ஒன்றை மீறியதற்காக ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டதை நான் பின்னொரு நாள் பார்த்தேன். அவர் அங்கே பல ஆண்டுகள் பயின்றவர். எவரும் அவருக்காகப் பரிந்து பேசவில்லை.

பிறகு பயிற்றுநர் சுட்டு முடித்த ஓர் இலக்கு அட்டையை என் கையில் கொடுத்தார். கறுப்பு வட்டத்தின் நடுவே ஊசியால் குத்தியதுபோல் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. பத்து மதிப்பெண் தரும் அந்தப் புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர், அதை நோக்கிச் செல்லும் ஈயக் குண்டின் விட்டமே 4.5 மில்லிமீட்டர். 10 மீட்டர் தொலைவில் இருக்கும் அந்தப் புள்ளியை, 5.5 கிலோ வரை எடை இருக்கலாம் என்று விதி அனுமதிக்கும் ஒரு கருவியைத் தாங்கி நின்றபடி, 1 மணி 15 நிமிடத்துக்குள் 60 முறை குறி வைக்க வேண்டும். நாடித்துடிப்பே குறியை ஆட்டிவிடும் என்பதால், இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் இந்த விளையாட்டில் தடைசெய்யப்பட்டிருக்கின்றன. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இத்தகைய மருந்தை எடுத்துக்கொண்ட வட கொரிய வீரர் ஒருவரின் இரண்டு பதக்கங்கள் பறிக்கப்பட்டன. குறுக்கு வழியில் போகிறவர்கூட அடைய நினைப்பது அமைதியைத்தான், அப்படிப்பட்ட விளையாட்டு இது என்பதை, துப்பாக்கியைக் கண்டாலே வன்முறையை நினைப்பவர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

அன்று நான் கண்டவற்றில் என் மனத்தை மாற்றியது அந்தச் சிறுவன்தான். அவன் துப்பாக்கியை உயர்த்தினான், கன்னத்தைப் பதித்தான், ஏழெட்டு விநாடி குறி பார்த்தான், சுடாமலேயே இறக்கிவிட்டான். மறுபடியும் உயர்த்தினான், மறுபடியும் இறக்கினான். நான்காம் முறையும் சுடாமல் இறக்கியபோது, பாவம், பையனுக்கு வரவில்லை போலும் என்று நினைத்தேன். பயிற்றுநரோ அவன் அருகில் போய், ‘நல்லது, அப்படித்தான்’ என்றார். குறி நிலைக்காதபோது சுடாமல் இறக்கி வைப்பதுதான் இங்கே கற்றுக்கொள்ளக் கடினமான பாடமாம். என் மகளின் பயிற்சிக் குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளும் எடுத்த மதிப்பெண்ணுக்கு அருகிலேயே இன்னொரு கட்டம் இருக்கிறது. எத்தனை முறை இறக்கி வைத்தாள் என்ற கணக்கு அது. தேர்வுக் காலத்தில் அந்த எண் கூடும். என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போன நாளிலும் கூடும்.

துப்பாக்கி சுடுதல் 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்ற விளையாட்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில் தங்கம் வென்ற தென் கொரியாவின் பான் ஹியோ-ஜினுக்கு அப்போது வயது 16. வெள்ளி வென்ற சீனாவின் ஹுவாங் யூதிங்குக்கு 17. பள்ளிப் பிள்ளைகளின் வயதுதான். தொலைக்காட்சியில் அவர்களைப் பார்த்துக் கைதட்டுகிற நாம், அதே வயதில் அதே கருவியோடு நம் வகுப்பறையில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால் அவளுடைய அப்பாவின் கோபத்தைப் பற்றி விசாரிக்கிறோம். என் மகளுக்கு மிகவும் பிடித்த வீரர் ஹங்கேரியின் காரோலி டகாக்ஸ். 1938இல் கையெறிகுண்டு வெடித்துத் தன் வலக்கை சிதைந்த பிறகு, அவர் இடக்கையால் சுடப் பழகி, 1948இலும் 1952இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அவள் பள்ளியில் எழுதிக் கொடுத்த அந்தக் கட்டுரையின் கடைசிப் பத்தி அவரைப் பற்றியதுதான். அதை யாராவது படித்தார்களா என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அஞ்சுகிறவர்கள் மட்டும் அவளைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை, பாராட்டுகிறவர்களும் அப்படித்தான். ‘இனி எவனும் உன்னிடம் வாலாட்ட முடியாது’ என்று சிரித்துக்கொண்டே சொன்ன உறவினர்கள் உண்டு. அவளைத் துப்பாக்கியோடு முறைத்தபடி நிற்கச் சொல்லிப் படம் எடுக்க விரும்பியவர்கள் உண்டு. அவள் மறுத்துவிட்டாள். சர்வதேசப் போட்டிகளில் இராணுவ உடையைப் போன்ற புள்ளிச் சட்டை அணிந்து வருவதற்கே தடை இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அவள் குறி வைப்பது வட்டம் போட்ட ஓர் அட்டையை. அந்த அட்டைக்கு முகம் கிடையாது. அவளுடைய கையில் ஓர் எதிரியைக் கொடுத்துவிட வேண்டும் என்று இரு தரப்பாருமே ஏன் இவ்வளவு விரும்புகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்காத துயரம்.

துப்பாக்கியால் உயிர்கள் போகின்றன என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஏர் ரைஃபிள்கூட விளையாட்டுப் பொருள் அன்று. கவனம் தவறினால் கண்ணைப் பறித்துவிடும். பூட்டாமல் வைத்த துப்பாக்கி குழந்தையின் கைக்குப் போய் நேர்ந்த சாவுகளும், மனம் உடைந்த ஒரு கணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் அது இருந்ததாலேயே நேர்ந்த சாவுகளும் உண்மை. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று வாதிடுவதற்காக நான் இதை எழுதவில்லை. பயிரைக் காக்க வைத்திருப்பவர், வேட்டைக்குப் போகிறவர், பாட்டன் விட்டுச்சென்றதைப் பாதுகாப்பவர், போட்டிக்குப் போகிறவர், பிறரை மிரட்ட வைத்திருப்பவர் ஆகிய அனைவரையும் ஒரே சொல்லுக்குள் அடைத்து, அந்தச் சொல்லுக்கு ஒரு முகத்தையும் வரைந்துவிட்டால், அந்த முகச்சாயல் இல்லாத அலட்சியக்காரர் எவர் கண்ணிலும் படாமல் தப்பிவிடுவார். நயமாகப் பேசுகிற, நல்ல பதவியில் இருக்கிற ஒருவர், குண்டு போட்ட துப்பாக்கியைப் படுக்கை அருகே மேசை இழுப்பறையில் வைத்திருக்கலாம். அவரிடம் நீங்கள் எதையும் கேட்க மாட்டீர்கள், ஏனென்றால் அவருடைய பிள்ளை கட்டுரை எதுவும் எழுதவில்லை. உங்கள் மகனோ மகளோ அந்த வீட்டுக்கு விளையாடப் போவார்கள்.

ஆகவே பெற்றோர்களே, என்னிடம் கேளுங்கள். உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, அது எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று என்னிடமும் கேளுங்கள், ஒவ்வொரு வீட்டிலும் கேளுங்கள். அந்தக் கேள்வியால் நான் புண்பட மாட்டேன்; விரும்பினால் வந்து அலமாரியைப் பார்த்துவிட்டுப் போகலாம். கேட்காமல் ஒதுக்கியதுதான் வலித்தது. பிறந்தநாளுக்கு அழைத்திருந்த தோழியின் வீட்டிலிருந்து, வர வேண்டாம் என்று முதல் நாள் இரவு செய்தி வந்தது. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. ஆனால் சுற்றிவளைத்து அது அவள் காதுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அதன்பிறகு ஒரு மாற்றம் வந்தது. பயிற்சியின்போது அணியும் தடித்த கேன்வாஸ் மேலங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிறவள், இப்போது அதைப் பழைய பைக்குள் மடித்துத் திணித்துக்கொண்டு போகிறாள். சனிக்கிழமைகளில் எங்கே போகிறாய் என்று கேட்ட தோழியிடம் பாட்டு வகுப்புக்கு என்று சொல்லியிருக்கிறாள். என்னிடம் அதை ஒப்புக்கொண்டபோது அழுதாள். ஆசிரியர்களே, தன் மனத்தில் இருப்பதை ஒளிவுமறைவின்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்த ஒரு பிள்ளை, இப்போது ஒளிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஒரு விசாரணையின் விளைவு இது. துப்பாக்கியைத் தொடும் பிள்ளை அதைப் பற்றிப் பெரியவர்களிடம் வாய் திறந்து பேசுவதுதானே நம் எல்லோருக்கும் வேண்டிய நிலை?

பிறரைக் காயப்படுத்துவதைப் பற்றி எழுதுகிற, எவருடைய பெயரையாவது குறிப்பிட்டு மிரட்டுகிற, பழிவாங்கத் துடிக்கிற பிள்ளை எவராக இருந்தாலும், அதன் கையில் பேனா மட்டுமே இருந்தாலும், நீங்கள் உடனே தலையிட வேண்டும். அது என் மகளாகவே இருந்தாலும் என்னைக் கூப்பிடத் தயங்க வேண்டாம். அவளுடைய கட்டுரையில் அப்படி ஒரு வரி இருந்ததா என்பதை மட்டும் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்துச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவரின் கண்காணிப்பில், விதிகளுக்கு உட்பட்டு, எல்லோருக்கும் தெரியும்படி நடக்கும் ஒரு பயிற்சியை, இருட்டில் வளரும் ஒரு வன்மத்தோடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள். உங்களில் யாராவது ஒருவர் ஒரு நாள் என்னோடு ரேஞ்சுக்கு வந்தால் மகிழ்வேன். காதுக்கு அடைப்பான் கொடுப்பார்கள்; பின்வரிசையில் நாற்காலி போட்டிருக்கும்; வெளியிலிருந்து யாராவது பார்க்க வந்தால் அவள் கூடுதலாக நான்கைந்து முறை இறக்கி வைப்பாள், அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரைத் தாள் இன்னும் பள்ளி அலுவலகக் கோப்பில் இருக்கிறது. மற்றப் பிள்ளைகளின் தாள்கள் எல்லாம் திருத்தப்பட்டுத் திரும்ப வந்துவிட்டன. தயவுசெய்து அவளுடையதையும் அவளிடம் கொடுத்துவிடுங்கள். ஒற்றுப்பிழைகள் இருக்கும், அவளுக்கு ‘ற’கரமும் ‘ர’கரமும் எப்போதும் குழம்பும். சிவப்பு மையால் திருத்தி, எல்லோருக்கும் போட்டதைப் போல மதிப்பெண் போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி ஒருத்தியின் தாய்