மனோகரனுக்கு நாலு வரி போதுமா?

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். 2018 ஜனவரி 22 ஆம் திகதி சென்னையில் ஈழத்துப் பொப்பிசைப் பாடகர் ஏ. ஈ. மனோகரன் 73 வயதில் காலமான செய்தியைத் தங்கள் பத்திரிகையின் உள்பக்கத்தில் கண்டேன். சின்னதாய் ஒரு படம், அதன்கீழ் நாலு வரி. அதுவும் 'சுராங்கனி புகழ்' என்று தொடங்கி அந்தச் சுராங்கனிப் பாட்டோடேயே முடிந்துவிட்டது. தமிழ்நாட்டுச் சினிமாப் பாடகர் ஒருவர் என்றால் எத்தனை பக்கம் வந்திருக்கும் என்பது தங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குறை சொல்வதற்காகவே எழுதவில்லை. என்றாலும் இது குறைதான்.

இன்றைய பிள்ளைகளுக்கு அவர் யாரென்று தெரியாது. 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' என்றால் பட்டப்பெயரைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். எங்களுக்கு அது சிரிப்பான சங்கதியல்ல. 1960களின் கடைசியிலும் 70களிலும் றேடியோவைத் திறந்தால் நாள் முழுக்க இந்தியச் சினிமாப் பாட்டுத்தான். நல்ல பாட்டுகள், மறுக்கவில்லை, இன்றைக்கும் கேட்கிறேன். ஆனால் அந்தப் பாட்டுகளில் ஓடிய வைகையையும் தாமிரபரணியையும் நாங்கள் கண்டதில்லை. அந்த நேரத்தில்தான் பாடகர் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாட்டில் ஒரு மாமியைக் கூப்பிட்டு மகளை எங்கே என்று விசாரித்தார். சமையலுக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்த என் பெரியம்மா கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது. எங்கள் ஊர்ப் பேச்சும் எங்கள் குறும்பும் றேடியோவில் வரும் என்று அவர் எண்ணியிருக்கவில்லை. எங்கள் திருகோணமலை தந்த பரமேஸ், கோணேஸ் சகோதரர்கள் மெல்லிசையில் இன்னொரு வழியைத் திறந்தார்கள். ஸ்டனி சிவானந்தன், அமுதன் அண்ணாமலை என்று பலர் வந்தார்கள். அவர்கள் எல்லோரிலும் மேடையைக் கட்டி ஆண்டவர் மனோகரன்.

'சின்ன மாமியே' மனோகரனின் பாட்டு என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது நித்தியின் பாட்டு. அண்மையில் ஒரு வானொலியில், பெயர் வேண்டாம், மனோகரனுக்கு அஞ்சலி என்று சொல்லி அதைத்தான் முதலில் ஒலிபரப்பினார்கள். அஞ்சலி செலுத்துகிற அன்றைக்காவது ஆரின் பாட்டு என்று பார்த்திருக்கலாம்.

எங்கள் வீட்டுக்கு மனோகரன் வந்து சேர்ந்தது சின்ன மாமாவின் றெக்கோட் பெட்டி மூலம். ஊசி தாவிக்கொண்டே இருக்கும். அதற்கு மாமா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அந்தக் காலத்துச் சதுர ஐந்து சதக் குற்றியை ஊசிப்பிடியின் தலையில் பிசின் நாடாவால் ஒட்டிவைத்திருப்பார். பாரம் கூடியதால் தட்டு சீக்கிரம் தேய்ந்தது. மனோகரனின் குரல் மாதத்துக்கு மாதம் கரகரத்தது. ஆனாலும் பாட்டு நடுவில் நிற்காது. நின்றால் ஆடிக்கொண்டிருப்பவர்கள் மாமாவைச் சும்மா விடமாட்டார்கள். கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு எதுவானாலும் பெட்டியோடு மாமாவும் போகவேண்டும். ஆண்கள் பந்தலுக்குள் ஆடுவார்கள். பெண்பிள்ளைகள் நாங்கள் கிடுகு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்போம். கால் மட்டும் சொன்ன பேச்சுக் கேளாது.

திருகோணமலைக்காரருக்கு அந்தத் தாளம் புதிதல்ல என்பதையும் இங்கே சொல்லவேண்டும். இங்கே பாலையூற்றில், போர்த்துக்கீசர் கலப்பில் வந்த பறங்கியர் குடும்பங்கள் இருக்கின்றன. தச்சு வேலை, இரும்பு வேலை, இயந்திர வேலை எல்லாவற்றிலும் கைதேர்ந்தவர்கள். அவர்களுடைய கலியாணங்களில் வயலினும் றபான் மேளமும் சேர்ந்து கப்ரிஞ்ஞா என்கிற ஆட்ட இசை ஒலிக்கும். போர்த்துக்கீசர் காலத்துக் கலப்பில் பிறந்து கிழக்குக் கரையில் தங்கிவிட்ட இசை அது. அதன் வழிவந்ததுதான் பைலா என்கிற ஆட்டப்பாட்டின் துள்ளல் நடை. பாடகர் வொலி பஸ்தியன் அதைச் சிங்களத்தில் பெரும் இசையாக்கினார். மனோகரன் அந்த நடையை எடுத்துத் தமிழுக்குக் கால் கொடுத்தார். 'சிங்களப் பாட்டைப் பாடிப் பேர் வாங்கியவர்' என்று அந்த நாளில் சிலர் சொன்னதுண்டு. அண்மையில்கூட ஒருவர் சொல்லக் கேட்டேன். சுராங்கனி சிங்கள பைலாவாகவே இருந்த பாட்டுத்தான். அதை வைத்துக்கொண்டு சிங்களம் ஒரு சொல் தெரியாத தமிழ்நாட்டுக் கூட்டத்தையும் கூடப் பாடவைத்தாரே, அதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

அவர் பெரிய குரல்வளம் உள்ளவர் என்று நான் வாதாட வரவில்லை. சுருதி சுத்தத்துக்கு அவரிடம் போகத் தேவையில்லை. சில பாட்டுகளின் வரிகள் வெறும் பகிடி. மாமி, மச்சாள் என்று திரும்பத் திரும்ப வரும். எனக்குச் சங்கீதம் படிப்பித்த ரீச்சருக்கு அவர் பெயரைக் கேட்டாலே முகம் கோணிவிடும். இதெல்லாம் சரிதான். ஆனால் முதல் வரி தொடங்கிய நிமிடமே, கதிரையில் இருந்தவரை எழுப்பிவிடும் வித்தை எத்தனை பேருக்கு வாய்க்கும்? வாய்ப்பாட்டுப் பரீட்சையில் அதற்குப் புள்ளி இல்லை, அவ்வளவுதான்.

சினிமா அவருக்கு என்ன செய்தது என்பது தனிக் கதை. 1978 இல் இங்கே எடுத்த 'வாடைக்காற்று' படத்தில் நடித்தார். செங்கை ஆழியானின் நாவல், நெடுந்தீவு மீனவர் கதை. தமிழ்நாட்டுக்குப் போனதும் 'சிலோன் மனோகர்' என்று பெயரிட்டு வில்லனாகவும் அடியாளாகவும் நிறுத்தினார்கள். சுராங்கனி 1977 இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் வந்தது. பாடியவர் மலேசியா வாசுதேவன். அந்தப் பாட்டும் எனக்குப் பிடிக்கும். என்றாலும் மேடை மேடையாகக் கொண்டுதிரிந்து அதை ஊருக்கு அறிமுகப்படுத்தியவரின் குரல் படத்தில் இல்லை என்பது, அந்த வயதில் எங்களுக்குப் பெரிய கோபம்.

பிற்காலத்தில் அவர் சென்னையிலேயே தங்கிவிட்டார். இங்கே நாங்களும் பாட்டுக் கேட்கிற நிலைமையில் இல்லை. 1983, 85, 90 என்று கலவரத்திலும் போரிலும் எத்தனை ஓட்டம். ஓடும்போது காணி உறுதியைத் தூக்குவோம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைத் தூக்குவோம்; றெக்கோட்டையா தூக்குவோம்? மாமாவின் பெட்டியும் தட்டுகளும் 90 இல் வீட்டோடு போயின. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் கசற்றாக எஞ்சியிருந்ததை 2004 சுனாமியில் கடல் கொண்டுபோனது.

இவ்வளவும் எழுதுவது ஒரு காரியத்துக்காக. இன்று இணையத்தில் மனோகரன் பாட்டு கிடைக்கிறது. ஆனால் பாட்டுக்கு வரி எழுதியவர் யார், கிற்றார் அடித்தவர் யார், எந்த ஆண்டு, எங்கே ஒலிப்பதிவானது, ஒன்றும் கிடையாது. அந்தத் தட்டுகளின் உறைகளில் இருந்த பெயர்கள் உறையோடேயே போய்விட்டன. அந்தப் பக்கவாத்தியக்காரர்களில் பலர் இன்று கனடாவிலோ ஜேர்மனியிலோ அவுஸ்திரேலியாவிலோ முதுமையில் இருப்பார்கள். அவர்களிடம் இப்போதே கேட்காவிட்டால் பிறகு கேட்பதற்கு ஆளில்லை. ஈழத்துப் புத்தகங்களையும் பழைய பத்திரிகைகளையும் மின்வருடிப் பாதுகாக்கிற பெரும் பணியை நூலகம் நிறுவனம் செய்துவருகிறது. எங்கள் பொப்பிசைத் தட்டுகளும் அப்படி ஓரிடத்தில், உறையின் முன்பக்கம் பின்பக்கம் உட்பட, சேரவேண்டும்.

தங்கள் ஞாயிறு வெளியீட்டில் சோதிடத்துக்கு ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. அதில் கால்வாசியை ஆறு மாதத்துக்கு எங்களுக்குத் தாருங்கள். வாரம் ஒரு பாட்டு: பாடியவர், எழுதியவர், வாசித்தவர்கள், தெரிந்தவர் சொன்ன தகவல். பிழை இருந்தால் அடுத்த வாரம் வாசகரே திருத்துவார்கள். மனோகரனில் தொடங்கி நித்தி, பரமேஸ், கோணேஸ் என்று போகலாம். திருகோணமலை, மூதூர், கிண்ணியா பகுதிகளில் யாரிடமாவது 70களின் தமிழ் பொப் தட்டோ கசற்றோ இருந்தால் தயவுசெய்து தங்கள் அலுவலகத்துக்கு அறிவிக்கட்டும். எவ்வளவு கரகரத்தாலும் பரவாயில்லை. இறுவட்டில் பிரதி எடுக்கும் செலவை நான் ஏற்கிறேன். மூலத்தைச் சொந்தக்காரரிடமே பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.
(பெயரும் முகவரியும் ஆசிரியருக்கு மட்டும்)