குதிகாலைக் கவனி, தம்பி

பினாங்கு

அன்புள்ள தம்பிக்கு,

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி குத்துவதுபோல் இருக்கிறது, கொஞ்சம் நடந்தால் குறைகிறது, உட்கார்ந்து எழுந்தால் மறுபடி பிடிக்கிறது என்று போனில் சொன்னாய். எலும்பு வார்டில் நர்ஸாக இருந்த காலத்தில் இதே பேச்சை எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. பிளாண்டர் ஃபேசியா என்பார்கள். சிங்கப்பூரில் நாள் முழுக்க சிமெண்டுத் தரையில் நின்று வேலை பார்க்கிறாய் அல்லவா, எலும்போடு சேரும் இடத்தில் அது இழுபட்டு நொந்துவிடுகிறது.

எக்ஸ்ரே எடுத்து எலும்பு முள் இருக்கிறது என்றால் பயப்படாதே. வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு. வலிக்கு அது காரணமாக இருப்பது குறைவு.

இதைத் தினமும் செய், தம்பி. கட்டிலில் உட்கார்ந்தபடியே வலிக்கிற காலைத் தூக்கி மற்ற முழங்கால்மேல் போடு. கால்விரல்களைப் பிடித்து முழங்கால் பக்கம் வளை. மறு கையின் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தொட்டுப் பார், அந்தப் பட்டை விறைப்பாகத் தட்டுப்படும். 10 விநாடி பிடித்துவிட்டு விடு. இப்படி 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை. முதல் வேளை தரையில் கால் வைப்பதற்கு முன்பே ஆகிவிட வேண்டும். சுவரில் கை ஊன்றி, பின்காலின் குதிகாலைத் தூக்காமல் கெண்டைக்காலையும் நீட்டிவிடு. சாயங்காலம் தண்ணீர் பாட்டிலை ஐஸாக்கி உள்ளங்காலுக்கு அடியில் உருட்டு. தேய்ந்த ஜப்பான் சிலிப்பரைத் தூக்கி எறி. வீட்டுக்குள்ளும் குதிகாலுக்கு மெத்தென்று இருக்கிற செருப்பு போட்டுக்கொள்.

உடனே தெரியாது. மாதக்கணக்கில் ஆகும். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே ஒரு வருஷத்துக்குள் தீர்ந்துவிடும். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் சுகமாக இருக்கும், ஆனால் அந்த நார் அறுந்துபோகவும் குதிகால் கொழுப்பு தேயவும் இடமுண்டு. அவசரப்பட்டுப் போட்டுக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. அதோடு அப்பாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. உனக்கும் இருந்தால் அந்த ஊசி சர்க்கரையை ஏற்றிவிடும். எதற்கும் முதலில் ரத்தம் பார்த்துவிடு. இனிப்பு நீர்க்காரர்களுக்குப் பாதம் மரத்துப்போய், புண் வந்ததே தெரியாமல் விரலை எடுக்கிற நிலைமைவரை போனதை வார்டில் பார்த்தவள் நான். அப்பாவின் பாதத்தை இன்றும் தினமும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

வருகிற தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன் என்கிறாய். வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்து தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படியும் ஏற வேண்டும். வலி இருக்கும்போது வேண்டாம், ஐயா. அடுத்த வருஷம் எடு. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார், நானும் கூட வருகிறேன்.

குதிகாலை இரண்டு பக்கமும் அமுக்கினால் உயிர் போகிற வலி, வீக்கம், மரத்துப்போவது, படுத்திருக்கும்போதும் வலிப்பது, இதில் எது இருந்தாலும் நான் சொன்னதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போ. எலும்பில் கீறல் இருக்கலாம், நரம்பாகவும் இருக்கலாம். இன்று இரவே அமுக்கிப் பார்த்துவிட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் சொல்.

அம்மா