மேல்நிலை மறைக்கல்வி வகுப்பு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் இந்த ஆண்டு மறைக்கல்வியில், அதாவது கத்தோலிக்க நம்பிக்கையைக் கற்பிக்கும் பாடத்தில், என்ன படிக்கப் போகிறார்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சின்ன வகுப்புகளில் செபங்கள், பத்துக் கட்டளைகள், ஏழு அருளடையாளங்கள் (திருமுழுக்கு, நற்கருணை, ஒப்புரவு போன்ற திருச்சடங்குகள்) எல்லாவற்றையும் வரிசை மாறாமல் ஒப்புவித்தால் போதும் என்று விட்டுவிட்டோம். பதினாறு, பதினேழு வயதில் அது போதாது. "இதை ஏன் நம்ப வேண்டும்?" என்று உங்கள் மகனோ மகளோ சாப்பாட்டு நேரத்தில் திடீரென்று கேட்கலாம். தயவுசெய்து "சாமி விஷயத்தில் எதிர்க்கேள்வி கேட்காதே" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் உங்களிடம் கேட்பதைத்தான் நிறுத்துவார்கள், யோசிப்பதை நிறுத்த மாட்டார்கள்.

1992-ல் திருத்தந்தை (போப்) இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட 'கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி' நூலின் வரிசையைத்தான் வகுப்பிலும் பின்பற்றுகிறோம். முதலில் நம்பிக்கை அறிக்கை, பிறகு வழிபாடும் அருளடையாளங்களும், அதன் பிறகுதான் ஒழுக்க வாழ்வு, கடைசியாகச் செபம். கட்டளைகள் மூன்றாவது பகுதியில் வருவதைக் கவனியுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறோம், அதைச் செய்யாதே, இதைச் செய்யாதே, செய்தால் பாவம் என்று. கடவுள் யார், அவர் நமக்காக என்ன செய்தார் என்பதே தெரியாத பிள்ளைக்குக் கட்டளைகள் வெறும் பள்ளி விதிமுறைகள் போலத்தான் படும், மீறுவதற்கு வழி தேடத்தான் தோன்றும்.

ஆகவே முதல் பருவம் முழுக்க, ஞாயிறு திருப்பலியில் (பூசையில்) நாம் சொல்லும் நம்பிக்கை அறிக்கைதான் பாடம். அது ஒரே நாளில் யாரோ உட்கார்ந்து எழுதியது இல்லை. அலெக்சாந்திரியாவின் குருவான ஆரியுஸ், இறைமகன் என்பவர் தந்தையால் படைக்கப்பட்டவர்தான், அவர் இல்லாத ஒரு காலம் இருந்தது என்று போதித்தார். 325-ல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் அதை மறுத்து, மகன் தந்தையோடு ஒரே இறைத்தன்மை கொண்டவர் என்று அறிக்கையிட்டார்கள். 381-ல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய ஆயர்களின் சங்கம் தூய ஆவியைப் பற்றிய பகுதியை விரித்தது. 451-ல் கால்செதோன் சங்கம், இயேசு முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர், இரண்டும் ஒரே ஆளில் என்று தெளிவாக்கியது. இத்தனை பழைய சண்டை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று சிலர் கேட்கிறீர்கள். ஆரியுஸ் சொன்னது சரி என்றால் சிலுவையில் துன்பப்பட்டது ஒரு படைப்பு மட்டுமே, கடவுள் தூரத்தில் நின்று பார்த்தார் என்றாகிவிடும். நிசேயா சொல்வது சரி என்றால் பசித்தவர், களைத்துப் படகில் தூங்கியவர், இறந்துபோன நண்பர் லாசரின் கல்லறை முன் அழுதவர் கடவுளே. மனசு உடைந்து கிடக்கும் ஒரு பிள்ளைக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள்.

அருளடையாளங்களில் பிள்ளைகள் அதிகம் மல்லுக்கட்டுவது, பாவங்களைக் குருவானவரிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் ஒப்புரவோடுதான். கடவுளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, அப்புறம் குருவானவரிடம் போய் ஏன் சொல்ல வேண்டும் என்று ஒரு மாணவி நேராகவே கேட்டாள். ஆசிரியை உடனே பதில் சொல்லவில்லை. நண்பனின் போனைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் அவன் பையிலேயே திரும்ப வைத்துவிட்ட ஒருவன், அந்த நட்பைச் சரிசெய்ய என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று வகுப்பையே கேட்டார். முதலில் அவனுக்கு உண்மையிலேயே வருத்தம் வர வேண்டும் என்றார்கள். பின்பெஞ்சிலிருந்து ஒருவன், வருத்தப்பட்டால் மட்டும் போதுமா மிஸ், நான்தான் உடைத்தேன் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா என்றான். சொல்லிவிட்டால் சரியா, போனை யார் ரிப்பேர் செய்து தருவது என்றாள் இன்னொருத்தி. மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் என்று திருச்சபை சொல்லும் மூன்றையும் பிள்ளைகளே கரும்பலகைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மன்னிப்பு மட்டும் அவன் சம்பாதிப்பது இல்லை, அது கிடைப்பது. உயிர்த்த இயேசு தம் சீடர்களிடம், நீங்கள் எவருடைய பாவங்களை மன்னிப்பீர்களோ அவை மன்னிக்கப்படும் என்று சொன்னதை (யோவான் 20) அதன் பிறகுதான் வாசித்தார்கள். அப்போது அந்த வசனம் அவர்களுக்கு வேறு மாதிரி கேட்டது.

இதையொட்டி வீட்டுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்புரவுக்குப் போய்வந்த பிள்ளையிடம் "சாமியாரிடம் என்ன சொன்னே?" என்று கேட்காதீர்கள். அங்கே கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும், நீதிமன்றமே கேட்டாலும், குருவானவர் வெளியே சொல்லக்கூடாது. சொன்னால் அந்தக் கணமே திருச்சபையின் ஒன்றிப்பிலிருந்து விலக்கப்படுகிறார். குருவானவரே இவ்வளவு காக்கும் இரகசியத்தை நாம் துருவக் கூடாது. அப்புறம், எல்லாத் தவறும் சாவான பாவம் என்று பயமுறுத்தவும் வேண்டாம். விஷயம் கனமானதாக இருக்க வேண்டும், அது தவறு என்று முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும், முழு மனதோடு செய்திருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் சாவான பாவம் என்பது திருச்சபையின் போதனை.

திருப்பலியில் அப்பமாகப் பெறும் நற்கருணை வெறும் அடையாளமா என்றும் கேட்பார்கள். இல்லை என்பதே திருச்சபையின் பதில். அப்பத்தின் நிறமும் சுவையும் அப்படியே இருக்க, அதன் உட்பொருள் கிறிஸ்துவின் உடலாக மாறுகிறது என்று நம்புகிறோம்.

பெற்றோர் கூட்டங்களில் திரும்பத் திரும்ப நான் காணும் குழப்பங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிள்ளைகள் நம்மிடமிருந்துதான் இவற்றைக் கற்றுக்கொள்கிறார்கள். மரியா அமலோற்பவி என்பது அவர் கன்னியாக இயேசுவைக் கருத்தரித்ததைக் குறிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். 1854-ல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அறிவித்தது மரியாவைப் பற்றியது, அவர் தம் தாயின் வயிற்றில் உருவான கணத்திலிருந்தே ஆதிப் பெற்றோர் வழியாக எல்லோருக்கும் வரும் பிறப்புநிலைப் பாவம் தீண்டாமல் காக்கப்பட்டார் என்பது. அவருக்கு நாம் செலுத்துவது வணக்கம், ஆராதனை கடவுளுக்கு மட்டும்தான். திருத்தந்தை தவறே செய்யமாட்டார் என்பதும் திருச்சபையின் போதனை இல்லை. அவரும் ஒப்புரவுக்குப் போகிறவர்தான். நம்பிக்கை, ஒழுக்கம் சார்ந்த ஒன்றை உலகத் திருச்சபை முழுவதற்குமான ஆசிரியராக இறுதியாக வரையறுக்கும்போது மட்டுமே தவறா வரம் உண்டு என்று 1870-ல் முதல் வத்திக்கான் சங்கம் சொன்னது. அதற்குப் பிறகு 1950-ல் மரியாவின் விண்ணேற்பை, அதாவது அவர் ஆன்ம உடலோடு விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதை, அறிவிக்கத்தான் அது முறைப்படி பயன்பட்டது.

அறிவியல் பிரிவு மாணவர்கள், பிக் பேங் உண்மையா, ஆறு நாள் படைப்பு உண்மையா, ஒன்றைச் சொல்லுங்கள் என்று வருகிறார்கள். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-லேயே எழுதி, அது ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்று பிறகு முன்வைத்த ஜார்ஜ் லெமெய்த்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. பட்டாணிச் செடிகளை வளர்த்து மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் ஓர் அகுஸ்தீன் சபைத் துறவி. விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூலின் முதல் அதிகாரங்களை இயற்பியல் பாடப்புத்தகம்போல வாசிக்கும்படி திருச்சபை நம்மைக் கேட்பதில்லை. எல்லாம் கடவுளின் விருப்பத்தால் உண்டாயின, அவை நல்லவை, மனிதர் அவர் சாயலில் படைக்கப்பட்டவர் என்பதை அவை சொல்கின்றன.

நான் மிகவும் கவலைப்படும் விஷயம் வேறு. வீட்டில் ஒரு நோயோ சாவோ வந்தால், கடவுள் தண்டித்துவிட்டார், நீ செபம் செய்யாததால்தான் இப்படி என்று ஆற்றாமையில் சொல்லிவிடுகிறோம். பிள்ளைகள் அதைச் சுமந்துகொண்டு பள்ளிக்கு வருகிறார்கள், யாரிடமும் சொல்வதுமில்லை. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, யார் செய்த பாவம், இவரா இவர் பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது, இவரும் இல்லை, பெற்றோரும் இல்லை என்றுதான் இயேசு சொன்னார் (யோவான் 9). துன்பம் ஏன் என்ற கேள்விக்கு எங்களிடம் ஒரு வரியில் பதில் இல்லை, வகுப்பிலும் அப்படி ஒன்றைத் தருவதாக நடிக்க மாட்டோம். சிலுவையில் தொங்கியவர் "என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று கதறியதையும் உயிர்த்தெழுதலையும் சேர்த்து வைத்து, நிதானமாகப் பேசுவோம்.

இரண்டாம் பருவத்தில் சமூகப் போதனைகள். தொழிலாளருக்கு நியாயமான கூலி கேட்ட திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவின் 1891-ஆம் ஆண்டுச் சுற்றுமடல், படைப்பைக் காப்பது பற்றிய திருத்தந்தை பிரான்சிசின் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடல் இரண்டிலிருந்தும் பகுதிகளை வாசிக்கிறோம். மரண தண்டனையை எந்நிலையிலும் ஏற்க முடியாது என்று 2018-ல் மறைக்கல்வி நூலில் செய்யப்பட்ட திருத்தம் விவாதப் பாடம். வீட்டில் கருத்து மோதல் வரும், வரட்டும்.

பிற சமயப் பெற்றோர்களுக்கு: உங்கள் பிள்ளையை மதம் மாற்றும் எண்ணம் எங்களுக்கு அறவே இல்லை. மற்றச் சமயங்களில் உண்மையாகவும் தூயதாகவும் இருப்பவை எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்றும், நம்பும்படி எவரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்றும் 1965-லேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது. கத்தோலிக்கர் எதை நம்புகிறார்கள் என்று சரியாகத் தெரிந்துகொள்வதுதான் பாடம். செபத்திலும் திருப்பலியிலும் கலந்துகொள்வது அவரவர் விருப்பம். வேண்டாம் என்றால் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டோம்.

மதிப்பெண் பற்றியும் கேட்கிறீர்கள். தேர்வு அளப்பது பாடம் புரிந்ததா, காரணம் காட்டி எழுதத் தெரிகிறதா என்பதை மட்டும்தான். "எனக்கு இதில் நம்பிக்கை வரவில்லை" என்று நேர்மையாக எழுதும் பிள்ளைக்கு அதற்காக ஒரு மதிப்பெண்ணும் குறையாது. மறைக்கல்வி நூலின் பிரதிகள் நூலகத்தில் இருக்கின்றன, பெற்றோரும் எடுத்துப் போகலாம். உங்களால் பதில் சொல்ல முடியாத கேள்வி வந்தால் ஒரு தாளில் எழுதி, பெயர் போடாமல்கூடப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள், வகுப்பில் எடுத்துப் பேசுகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்