வீட்டிலேயே ஷூ தைக்கிறேன், மாப்ள

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் இல்லாமல் வாசல் வரைக்கும் நடக்கிறார் என்று படித்த பிறகுதான் நிம்மதி. வலிக்கிறது என்று அவர் சொன்னாலும் பிசியோதெரபியை மட்டும் நிறுத்திவிடாதே. சின்னவள் நீட் வேண்டாம், தாவரவியல்தான் படிப்பேன் என்று முடிவெடுத்ததும் எனக்குப் பிடித்திருந்தது, நான் சொன்னதாக அவளிடம் சொல். இங்கே அம்மாவுக்குக் கண்புரை எடுத்தாயிற்று, சொட்டு மருந்து நேரம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது. ஆபீஸில் புதிதாக ஒன்றும் இல்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம், உண்மைதான், வீட்டிலேயே ஸ்னீக்கர் தைக்கிறேன். தோலில், கையால், மாடி அறையில்.

இது ஒரு கோபத்தில் ஆரம்பித்தது. விலை கொடுத்து வாங்கி, விசேஷத்துக்கு மட்டும் போடுவோம் என்று பெட்டியிலேயே வைத்திருந்த ஒரு ஜோடி, ஒரு கல்யாண மண்டபத்தின் படியில் ஏறும்போது அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. மேலே ஒரு கீறல் கிடையாது. கடையில் கேட்டால் வாரண்டி முடிந்துவிட்டது என்று ஒரே வார்த்தை. அப்புறம் படித்துப் பார்த்தேன். நடுவில் மெத்தென்று வைக்கிற பாலியூரித்தேன் நுரை, காற்றில் இருக்கிற ஈரத்தோடு மெல்ல மெல்ல வினைபுரிந்து அறுந்துகொண்டே இருக்குமாம். போடாமல் பெட்டியில் மூடி வைத்தால் தப்பிக்கும் என்றும் கிடையாது. சென்னைக் காற்றின் ஈரம் உனக்குத் தெரியும். தெருமுனையில் செருப்பு தைக்கிற பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன், அவர் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, மேல்தோல் அருமையாக இருக்கிறது, இந்த அளவுக்கு லாஸ்ட் கிடைத்தால் புது அடி போட்டுவிடலாம், அது இல்லாமல் போட்டால் உருவம் கோணிவிடும் என்றார். அந்த லாஸ்டைத் தேடிப் பெரியமேட்டுக்குப் போனவன்தான், இன்னும் அதிலிருந்து வெளியே வரவில்லை.

லாஸ்ட் என்றால் ஷூவுக்குள் கால் இருக்கவேண்டிய இடத்தில் நிற்கிற அச்சு. முன்பு மரத்தில் கடைவார்கள், இப்போது பிளாஸ்டிக். அது காலின் நகல் இல்லை, அதுதான் எனக்கு முதலில் புரியவேண்டியிருந்தது. விரல்களுக்கு முன்னால் கொஞ்சம் காலி இடம், நுனி தரையிலிருந்து லேசாக எழும்பியிருக்கும், குதிகால் பக்கம் காலைவிட இறுக்கம். நடக்கும்போது கால் எங்கே மடங்கும், எங்கே நழுவும் என்பதையெல்லாம் யோசித்துச் செதுக்கிய வடிவம் அது. ஷூ நன்றாக இருக்கிறது, இல்லை என்பதில் பெரும்பகுதி லாஸ்டிலேயே முடிவாகிவிடுகிறது. தையல், தோல், கலர் எல்லாம் அதற்கப்புறம்தான். இதை ஊரில் யாரும் சொல்லித் தருவதில்லை, நாம் கடையில் ஷூவைத் தூக்கிப் பார்க்கும்போது டிசைனைத்தானே பார்க்கிறோம்.

பெரியமேட்டில் சைடன்ஹாம்ஸ் சாலைப் பக்கம் நீ வந்திருக்கிறாயா? சென்ட்ரலிலிருந்து நடந்தே போய்விடலாம். தோல் கடை, சோல் கடை, ஐலெட், நூல், பசை என்று இந்த வேலைக்கு வேண்டியது எல்லாம் அந்தச் சில தெருக்களிலேயே கிடைத்துவிடும். தோலுக்குச் சதுர அடிக் கணக்கில் விலை. மேலுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குள் தடிமன் இருந்தால் போதும், உள் லைனிங்குக்கு ஒரு மில்லிமீட்டருக்குள்.

அப்புறம் பேட்டர்ன். லாஸ்ட் முழுக்க மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டி, அதன்மேலேயே பென்சிலால் ஷூவை வரைய வேண்டும், முன்மூக்கு எங்கே முடிகிறது, லேஸ் பட்டை எங்கே, பின்பட்டை எங்கே என்று. வரைந்த கோட்டின்மேல் பிளேடால் கீறி உரித்து அட்டையில் ஒட்டினால் பேட்டர்ன். உரித்த டேப் முழுசாகப் படுக்காது, மூக்குப் பக்கம் மேடு கட்டிக்கொண்டு நிற்கும். உருண்டையான ஒன்றைத் தட்டையாக்க முடியாதல்லவா, அங்கங்கே சின்னதாக வெட்டிவிட்டுத்தான் படுக்க வைக்க வேண்டும். மடித்து அடியில் ஒட்டுவதற்காகக் கீழ் ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு அதிகம் விட்டுக்கொள்வேன்.

தோலை வெட்டும்போதுதான் ஆம்பூர்க்காரர்களின் அருமை தெரிகிறது. என் அத்தை மகள் அங்கே ஒரு ஃபேக்டரியில் குளோசிங் செக்‌ஷனில் ரொம்ப வருஷம் இருந்தவள், மேல்பாகங்களைத் தைத்துச் சேர்க்கிற பிரிவு அது, பெரும்பாலும் பெண்கள்தான். போன முறை வந்திருந்தபோது தோலை விரித்துப்போட்டு, இரண்டு கையாலும் பிடித்து நாலு திசையிலும் இழுத்து இழுத்துக் காட்டினாள். முதுகெலும்பு ஓரம் அவ்வளவாகக் கொடுக்காது, வயிற்றுப் பக்கம் இழுத்த இழுப்புக்கு வரும். மூக்குத் துண்டை முதுகுப் பக்கத்திலிருந்து, ஷூவின் நீளவாக்கில் இழுவை குறைவாக இருக்கும்படி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் ஷூ நீண்டு தொளதொளவென்று ஆகிவிடும். நாக்கு மாதிரி மறைந்திருக்கிற துண்டுகளுக்கு வயிற்றுப் பக்கம் போதும். ஒரு தோலைப் பார்த்த பார்வையிலேயே எந்தத் துண்டு எங்கே என்று அவளுக்குத் தெரிகிறது. ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற ஓரங்களைக் கத்தியால் சீவி மெல்லிசாக்குவதையும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். சீவாமல் தைத்தால் அந்த இடம் தடித்துப்போய் காலைக் கடிக்கும்.

தையல் மெஷின் நம் வீட்டுப் பழைய மெஷின்தான், ஊசியை மட்டும் தோலுக்கானதாக மாற்றிவிட்டு, தடித்த இடங்களில் சக்கரத்தைக் கையால் சுற்றுகிறேன். நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்று துணிக்குச் சொல்வோம், தோலில் நேர்மாறு. ஊசி போட்ட ஓட்டை திரும்ப மூடாது, ஓட்டைகள் நெருங்கிவிட்டால் தபால்தலை ஓரம் மாதிரி அந்த வரிசையிலேயே கிழிந்துவிடும். மூன்று மில்லிமீட்டர் இடைவெளி சரியாக இருக்கிறது.

இதுவரைக்கும் தையல் தெரிந்த யாரும் செய்துவிடலாம். இதற்கு அடுத்த கட்டம்தான் உண்மையான வேலை, ஃபேக்டரியில் லாஸ்டிங் என்பார்கள். லாஸ்டின் அடியில் இன்சோல் அட்டையைச் சின்ன ஆணிகளால் நிறுத்தி, தைத்த மேல்பாகத்தை அதன்மேல் மாட்டி, லாஸ்டைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொள்வேன். ஹேர் டிரையரால் மூக்குப் பகுதியைக் கொஞ்சம் சூடாக்கி, முதலில் நுனியின் நடுவில் குறடால் தோலைப் பிடித்து விளிம்பைத் தாண்டி இழுத்து, அந்த இழுப்பு விடாமல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே ஒரு ஆணி. இந்தக் குறட்டிலேயே பக்கத்தில் சுத்தியல் தலை இருக்கும், வேறு சுத்தியலைத் தேட வேண்டாம். அப்புறம் நுனிக்கு இருபக்கமும் ஒவ்வொன்று, அப்புறம் குதிகால், அப்புறம் இடுப்பு, அதாவது ஷூவின் நடுப்பகுதி. மூக்கைச் சுற்றி வரும்போது தோல் மடிப்பு மடிப்பாகச் சேரும், அதை ஒரே பெரிய மடிப்பாக விடாமல் நிறையச் சின்ன மடிப்புகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் அடிப்பக்கத்துக்குள்ளேயே அடக்க வேண்டும், ஒன்றுகூட விளிம்பைத் தாண்டி மேலே தெரியக்கூடாது. முடித்துவிட்டு நிமிர்த்திப் பார்த்தால், தட்டையாகக் கிடந்த தோல் சுருக்கமே இல்லாமல் ஒரு காலாக நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது ஆச்சரியம்தான் மாப்ள.

இந்த வேலையைப் பற்றி ஒரு கதை உண்டு, உனக்குப் பிடிக்கும். 1880 வாக்கில் அமெரிக்காவில் ஷூவின் மேல்பாகத்தைத் தைக்க மெஷின் வந்துவிட்டது, லாஸ்டிங் மட்டும் கையில்தான். நல்ல தேர்ந்த கை ஒரு நாளைக்கு 50 ஜோடி இழுக்கும். மற்ற பிரிவுகள் எவ்வளவு வேகமாகப் போனாலும் எல்லாம் இங்கே வந்து காத்துக் கிடக்கும். யான் மாட்செலிகர் என்று ஒருவர், தென் அமெரிக்காவின் சுரிநாமில் 1852இல் பிறந்தவர், கறுப்பினத்தவர், மாசசூசெட்ஸில் லின் என்ற ஷூ நகரத்துக்கு வந்து தொழிலாளியாக இருந்தார். லாஸ்டிங் செய்பவர்களின் கை எப்படிப் போகிறது என்று பார்த்துப் பார்த்து, மெஷினாக்கி, 1883இல் காப்புரிமை வாங்கினார். மெஷின் ஒரு நாளைக்கு 700 ஜோடி வரை இழுத்தது. ஷூ விலை ஏறக்குறைய பாதியானது. அவர் 1889இல் காசநோயில் இறந்துபோனார், 36 வயது. சாதாரண ஜனங்கள் ஷூ போட முடிந்ததில் அவருக்கு இருக்கிற பங்கு பெரியது, ஆனால் ஷூ என்றதும் நமக்கு ஞாபகம் வருகிற பெயர்கள் எல்லாம் கம்பெனிகளின் பெயர்கள்தான்.

அடிக்கு நான் வாங்குவது கப் சோல், கிண்ணமாக ஓரம் எழும்பிய ரப்பர். பள்ளியில் பி.டி. பீரியடுக்குப் போட்டோமே வெள்ளை கேன்வாஸ், அந்த வகையை வீட்டில் செய்ய முடியாது, வேகாத ரப்பர் பட்டையைச் சுற்றி ஷூவை லாஸ்டோடு சேர்த்து சூட்டில் வேகவைக்க வேண்டும். கப் சோலுக்கு அந்தத் தொல்லை இல்லை. தோலின் அடிஓரத்தையும் ரப்பரின் உட்பக்கத்தையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு, சூடுகாட்டி ஒட்ட வேண்டும். ஒட்டியதும் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. அந்தப் பசையின் ஆவி நல்லதில்லை, அதனால் இதை மட்டும் மொட்டைமாடியில் வைத்துத்தான் செய்கிறேன். ஒரு ராத்திரி லாஸ்டிலேயே இருக்க வேண்டும்.

பசையை மட்டும் நம்ப எனக்கு மனசு வராது. ரப்பரின் ஓரத்தைச் சுற்றித் தையல் போட்டால்தான் திருப்தி. அதற்கு அந்தப் பெரியவரிடம்தான் போகிறேன். இடது கையை ஷூவுக்குள் விட்டுக்கொள்வார், நூல் அந்தக் கையில். வலது கையால் கொக்கி ஊசியை வெளியிலிருந்து குத்துவார். உள்ளே ஒன்றும் தெரியாது, ஊசி முனை வந்ததை விரல் உணர்ந்து அதில் நூலை மாட்டிவிடும், ஊசி நூலோடு வெளியே வரும், அடுத்த ஓட்டை. மூக்கு நுனிக்குள் இரண்டு விரல்தான் நுழையும், அங்கேயும் அதே வேகம். பக்கத்தில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருக்கிறேன். இந்தத் திறமை கையில் இருக்கிற மனிதர்களை நம் ஊர் எங்கே உட்கார வைத்திருக்கிறது, என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டது என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் கேட்கிற கூலி, கடையில் ஒரு ஜோடி லேஸின் விலை. அது எனக்கு ஒப்பவே இல்லை, கூடுதலாகத்தான் கொடுக்கிறேன், அதுவும் சரியான கணக்கு ஆகாது.

இன்னொன்றும் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கடைகளில் கிடைக்கிற மெல்லிய மேல்தோல் பெரும்பாலும் குரோமியம் உப்பில் பதனிட்டது. பாலாறு என்ன ஆனது என்று நாம் ரயிலில் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறோம், 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் தோல் தொழிற்சாலைகளைக் கண்டித்துத் தீர்ப்புச் சொன்ன பிறகு கழிவைச் சுத்திகரிக்கிற ஏற்பாடுகள் வந்தன, ஆனால் கெட்டுப்போன கிணறுகள் தீர்ப்பால் திரும்பிவிடாது. என் ஒரு ஜோடியால் இதில் எதுவும் மாறாது என்றாலும், முடிகிற இடத்திலாவது வேறு தோல் போடலாம் என்று நினைக்கிறேன். அதற்குத்தான் உன் உதவி வேண்டும்.

உங்கள் திண்டுக்கல்லிலும் திருச்சியிலும் பட்டையில் பதனிடுகிற ஈஐ (ஈஸ்ட் இந்தியா) தோல் உண்டே, புவிசார் குறியீடுகூட வாங்கியது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட பழைய வழி. வெள்ளாட்டுத் தோலில் மெல்லிசாகக் கிடைத்தால் லைனிங்குக்கு அதைவிட நல்லது இல்லை, வியர்வையை இழுத்துக்கொள்ளும். உனக்குத் தெரிந்த மண்டிக்காரர் யாராவது இருந்தால் கேட்டுப் பார்.

அடுத்த ஜோடி உனக்குத்தான். உனக்கு விரல் பக்கம் அகலம், அதற்காக நீ எப்போதும் ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிறாய், அப்போது ஷூ மடங்குகிற இடம் உன் கால் மடங்குகிற இடத்துக்கு முன்னால் போய்விடுகிறது, குதிகால் வழுக்குகிறது. உன் சைஸ் லாஸ்டையே எடுத்து, அகலம் வேண்டிய இடத்தில் தோல் துண்டு ஒட்டிப் பருமனாக்கிக்கொண்டால் வேலை முடிந்தது. சாயங்காலமாகப் பார்த்து அளவெடு, அப்போதுதான் கால் முழு அளவில் இருக்கும். தாளின்மேல் இரண்டு காலிலும் சமமாக ஊன்றி நின்றுகொள், நீ குனிந்து வரையாதே, சின்னவளை வரையச் சொல், பென்சில் நேராக நிற்கட்டும். இரண்டு காலும் தனித்தனியாக வேண்டும், ஒன்றுபோல் இருக்காது. தையல்காரர் டேப்பால் விரல் எலும்பு புடைத்திருக்கிற இடத்தில் ஒரு சுற்று, அதற்கு மேலே பாதத்தின் முதுகில் ஒரு சுற்று எடுத்து எழுது.

தோல் கிடைத்தால் நாலு சதுர அடி போதும், பணம் உடனே அனுப்பிவிடுகிறேன். கூரியரில் போடும்போது மடிக்க விடாதே, மடித்த கோடு அப்புறம் போகவே போகாது. நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, அட்டைக் குழாயில் போட்டு அனுப்பச் சொல். அப்பாவிடம் விசாரித்ததாகச் சொல்.

உன்
பழைய அறைத்தோழன்